இரண்டு டிக்கெட்டுக்கு நடுவில்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வண்டியக்கா என்று பேர். சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கே தெரியாது. அவள் வேலையிலிருந்து போன பிறகும் அங்கே அந்தப் பேர்தான் நிற்கிறது. வார்டிலிருந்து எக்ஸ்ரேவுக்கு, எக்ஸ்ரேவிலிருந்து ஸ்கேனுக்கு, அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு என்று நோயாளிகளை வீல்சேரிலும் ஸ்டிரெச்சரிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது அவள் வேலை. சேர்ந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. கடைசியில் கறுப்பு முடியைத்தான் தேட வேண்டியிருந்தது.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோயாளியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த இடத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்கிற வரைக்கும் கைப்பிடியை விட மாட்டாள்.

"அக்கா, அப்படி ஓரமா நிறுத்திட்டுப் போயேன். பேஷண்ட் என்ன ஓடியா போயிடப் போறாரு?" என்பான் எக்ஸ்ரேக்காரன், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"ஓடினா நல்லதுதான். ஓட முடியாமத்தானே இங்க வந்திருக்காரு. நீ குடிச்சிட்டு வா, நான் நிக்கிறேன்."

"நீ இப்படி எதிர்ல நின்னா எனக்கு டீ எறங்குமா?"

"எறங்கக் கூடாதுன்னுதான் நிக்கிறேன்."

நாற்காலியில் இருக்கும் நோயாளியே சிரித்துவிடுவார். எக்ஸ்ரேக்காரன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து, "சரி தாயே, நான் பாத்துக்கறேன், போ" என்பான். அதற்குப் பிறகுதான் அவள் கை கைப்பிடியை விட்டு வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி, ஒரு பெரியவரை லேப் வாசலில் நிறுத்திவிட்டு அடுத்த வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று ஓடினாள். பெரியவர் சும்மா இருக்கவில்லை. தானே எழுந்து நடந்து, படிக்கட்டில் உருண்டார். வந்து பார்த்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது காலி நாற்காலி. அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போய்விட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது, "நான்தாம்மா எந்திரிச்சேன், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லத்தான் செய்தார். யார் காதில் விழுந்தது? அதிலிருந்து வண்டியக்கா காலி நாற்காலியைக் கண்டால், உட்கார்ந்திருந்தவர் எங்கே என்று விசாரிக்காமல் நகர மாட்டாள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவளைப் பெண் கேட்டு வந்தபோதெல்லாம், தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தபோது கேட்டு வருவதும் நின்றுவிட்டது. அவன் வெளிநாட்டில் வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், வீடு வாங்கினான். வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். அதில் பாதி நேரம் அவன் பேசுவான், மீதி நேரம் வேறு யாருடனோ பேசிக்கொண்டே "சொல்லுக்கா, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்பான்.

ஒருநாள் வாரக் கணக்கில்லாமல் போன் வந்தது. குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

"அக்கா, நெஞ்சுல வால்வு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. தேதி குடுத்துட்டாங்க."

அவள் கையில் இருந்த துணியை அப்படியே கீழே போட்டாள். ஆனால் வாயில் வந்தது ஆஸ்பத்திரிப் பேச்சு. "வால்வுதானே? எங்க தியேட்டர்ல வாரத்துக்கு ரெண்டு போகுது. நடந்து வீட்டுக்குப் போறாங்க. நீ எதுக்கு இப்படிப் பேசற?"

"நீ வரணும்க்கா. தியேட்டர் கதவு வரைக்கும் நீ என் கூட இருக்கணும். இங்க ஒருத்தனும் ஒரு வார்த்தை பேச மாட்டான். எல்லாம் மெஷின் மாதிரி."

"நானே தள்ளிட்டு வரேன்டா உன்ன."

"தள்ளவெல்லாம் விட மாட்டாங்க. கூட நடந்து வா, போதும்."

எத்தனையோ பேரை அந்தக் கதவு வரை கொண்டுபோயிருக்கிறாள். அந்தக் கடைசிப் பத்தடியில் முகம் எப்படி மாறும், கை எதைத் தேடும், கூரையில் ஓடும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் எப்போது சட்டென்று பக்கத்தில் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பும்போது அங்கே ஒரு தெரிந்த முகம் இருக்க வேண்டும். தன் தம்பிக்கு அது தானாக இருக்க வேண்டும். வேறு எதற்காகவும் அவள் அந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டாள். விமானத்தை நினைத்தாலே அவளுக்குத் தலை சுற்றும்.

டிக்கெட் போடுகிற வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு வெறி உண்டு. கையில் பணம் இல்லாத ஆள் இல்லை. ஆனால் ஒரே டிக்கெட்டாக வாங்குவது அவனைப் பொறுத்தவரை ஏமாளிகள் செய்கிற காரியம். ஒரு கம்பெனியில் பாதி வழி, இன்னொரு கம்பெனியில் மீதி வழி என்று துண்டு துண்டாகப் பிடித்து ஒட்டுவான். நோய் வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

"பாதி வெலைதான்க்கா! நடுவுல ஒரு ஊர்ல எறங்கி ஏறணும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு நாள் விசாவும் போட்டாச்சு. ஏர்லைன்காரனுக்கே தெரியாது, இப்படி ஒரு வழி இருக்குன்னு."

பின்னால் தம்பி மனைவியின் குரல் கேட்டது. "ஒரே டிக்கெட்டா எடுத்துடுங்களேன். அண்ணி தனியா வராங்க. பாஷையும் தெரியாது."

"நீ சும்மா இரு. ரெண்டுலயும் வீல்சேர் சொல்லியிருக்கேன். அவங்களே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"வீல்சேரா? எனக்கா?" என்றாள் வண்டியக்கா. "எனக்குக் கால் நல்லாத்தானேடா இருக்கு?"

"கால் இருக்குக்கா, பாஷை இல்லையே. வீல்சேர்ல உக்காந்தா கேள்வி கேக்க மாட்டாங்க, வரிசையில நிக்க வேணாம், நேரா கொண்டுபோய் விடுவாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஆனா ஒண்ணு, எறங்கிடாதே. நீ நடக்கறதப் பாத்துட்டா பொய் சொல்லி வாங்கினதுன்னு எறக்கி விட்டுடுவாங்க. எது கேட்டாலும் பாஸ்போர்ட்ட நீட்டு, தலைய ஆட்டு. ரெண்டாவது டிக்கெட்ட விசா பாக்கறவர் கிட்ட மட்டும் காட்டிட்டு உள்ள வச்சிடு, தொலைச்சிடாதே. மத்தபடி உக்காந்தே இரு. ஆள் வரும்."

ஆள் வரும் என்றதும் அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. அது அவளுக்குத் தெரிந்த ஏற்பாடு.

கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் நாற்காலியில் உட்கார அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எத்தனை வருஷம் பின்னால் நின்றவள். தள்ள வந்த ஆள் கால்பலகையை இறக்கிவிட்டு, "காலை வைங்கம்மா" என்றபோது, செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிற மாதிரி முகம் சிவந்துபோனது. நாலடி போவதற்குள் முன்சக்கரம் ஆடுவது தெரிந்தது.

"தம்பி, இதுக்கு எண்ணெய் போட்டு எவ்ளோ நாளாச்சு?"

"நீங்க ஜாலியா வாங்கம்மா. ராணி மாதிரி உக்காந்துட்டு சக்கரத்தப் பத்திக் கவலைப்படறீங்களே."

ராணி இருந்த இருப்பு அவளுக்குத்தான் தெரியும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் விமானம் நேரத்துக்குப் போய் இறங்கியது. நடு ஊரில் கதவருகே ஒரு பெண் நாற்காலியோடு காத்திருந்தாள். மெலிந்த பெண், சட்டைப் பையில் கம்பெனிச் சின்னம், இடுப்பில் ஓயாமல் கரகரக்கும் ஒரு வயர்லெஸ். நல்ல கைக்காரி. சரிவு வந்தால் முன்னால் சாய்க்காமல் பின்னால் திருப்பி இறக்கினாள். வண்டியக்கா அதைக் கவனித்து மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். விசா அதிகாரியிடம் இரண்டாவது டிக்கெட்டைக் காட்டினாள். அப்போது அந்தப் பெண் கோட்டுக்கு அப்பால் நின்றிருந்தாள். பெட்டி வரும் இடத்தில் அவளே பெட்டியை அடையாளம் கேட்டு எடுத்து வைத்தாள். தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்பதால் பெட்டியை அங்கே எடுத்து, வெளியே போய், மாடிக்கு ஏறி, அடுத்த கம்பெனியின் கவுண்டரில் புதிதாகக் கொடுக்க வேண்டும். அதை வண்டியக்கா அறியவில்லை. தம்பிக்குத் தெரியும்; கூட்டிப் போகிறவர்கள் செய்துவிடுவார்கள் என்று அவன் நினைத்தான். அவன் ஒருநாளும் வீல்சேரில் போனவன் இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்து வெளிக்கூடம் வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் பூங்கொத்தும் அட்டையுமாக ஆட்கள். அந்தப் பெண் குனிந்து, கூட்டத்தைக் கைகாட்டி என்னவோ கேட்டாள். வீட்டுக்காரர்கள் அழைத்துப் போக வருகிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும். வண்டியக்கா தம்பி சொன்னபடி தலையை ஆட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள். ஒரு தூணுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டாள். பெட்டியை அருகில் நகர்த்தினாள். வயர்லெஸ் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வண்டியக்காவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினாள்.

யாரும் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லவில்லை. அது மட்டும் உறுத்தியது. ஆனால் ஊருக்கு ஊர் முறை வேறாக இருக்கும். அடுத்த கம்பெனி ஆள் வந்துகொண்டிருப்பான், இந்தப் பெண்ணுக்கு வேறு நோயாளி காத்திருப்பார். நோயாளி என்றே நினைத்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். அந்த ஊரில் அது ஊமையாகியிருந்தது.

கூட்டம் கரைந்தது, மறுபடி சேர்ந்தது, மறுபடி கரைந்தது. அட்டை பிடித்தவர்கள் இறங்கி வந்தவர்களை அழைத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறை சீருடைக்காரர் ஒருவர் கடந்தபோதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே கடிகாரம் இருந்தது. அதைப் படிக்கப் பாஷை வேண்டியதில்லை. விமான நேரம் நெருங்குகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மாடிக்குப் போகும் நகரும் படி கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெட்டிகளோடு ஆட்கள் அதில் ஏறிப் போனார்கள். போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

வைத்தவள் தலையைத் தூக்கினாள். கூரையில் கேமரா இருந்தது.

இப்போது அந்த ஆள் வந்தால் என்ன பார்ப்பான்? காலி நாற்காலி. யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்பார்கள். அந்த மெலிந்த பெண்ணை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். நான்தாம்மா எந்திரிச்சேன் என்று எந்தப் பாஷையில் போய்ச் சொல்வது? இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று காலை எடுத்து மறுபடி பலகை மேல் வைத்துக்கொண்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் வந்தது அந்தப் பெண்தான். வேலை முடிந்து, சீருடையைக் கழற்றிவிட்டு, தோளில் பையும் காதில் பாட்டுமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், தூணைக் கடந்து, நின்று, திரும்பினாள். முகம் வெளுத்துப்போனது. ஓடிவந்து ஏதேதோ கேட்டாள். வண்டியக்கா முதல் முறையாக இரண்டாவது டிக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண் வாயில் கைவைத்தாள். பிரேக்கை விடுவித்து, லிப்டுக்குள் தள்ளி, மாடியில் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். அப்படியொரு ஓட்டத்தை வண்டியக்கா அவசரப் பிரிவில்கூட ஓடியதில்லை.

கவுண்டரில் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த ஆள் தலையை இடமும் வலமும் ஆட்டினான். அந்தப் பெண் கத்தினாள், கெஞ்சினாள். அவன் கணினியைத் திருப்பி ஏதோ காட்டினான். வீல்சேர் கேட்டிருந்த ஒரு பயணி கவுண்டருக்கு வரவே இல்லை என்பதைத் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை.

தன் போனிலேயே அந்தப் பெண், வண்டியக்கா எடுத்துக் காட்டிய தம்பி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, ஏறிட்டியா?"

"இல்லப்பா. போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? எது போயிடுச்சு? அஞ்சு மணி நேரம் இருந்துச்சே! என்ன பண்ணிட்டிருந்த?"

"உக்காந்திருந்தேன்."

"உக்காந்திருந்தியா?"

"ஆள் வரும்னு."

தம்பி வெடித்தான். "எந்திரிச்சுப் போய்க் கேக்க வேண்டியதுதானே? கால் நல்லாத்தான் இருக்குன்னு அன்னிக்கு வாய் கிழியப் பேசின? காலைல எனக்கு ஆபரேஷன்க்கா! நான் இங்க படுத்துக்கிட்டு உனக்குப் பாடம் எடுக்கணுமா?"

எறங்காதேன்னு நீதானே சொன்னே என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறவனிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. "நீ கத்தாதப்பா. நெஞ்சுக்கு ஆகாது" என்றாள்.

தம்பி மனைவி போனை வாங்கினாள். "அண்ணி, அழாதீங்க. வேற டிக்கெட் பாத்தேன். நாளன்னிக்குத்தான் இருக்கு. உங்க விசா இன்னிக்கோட முடியுது. அங்க தங்கவும் முடியாது." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ஊருக்குத் திரும்பற பிளைட்ல ஒரு சீட் இருக்கு. போட்டுடறேன். நீங்க பத்திரமா வீடு போய்ச் சேருங்க. இங்க எங்க அம்மா வந்துடுவாங்க."

"அவனைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது யாராச்சும்..."

"நாங்க பாத்துக்கறோம் அண்ணி."

அந்தப் பெண் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பும் விமானத்துக்கு வண்டியக்காவைச் சேர்க்கும் வரை கூடவே இருந்தாள்; உள்ளே அழைத்துப் போக வந்த ஆளிடம் வண்டியக்காவைக் காட்டி, டிக்கெட்டைக் காட்டி, அவன் வாய்விட்டு ஏதோ சொன்ன பிறகுதான் கைப்பிடியை விட்டாள். அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லையே என்று வண்டியக்காவுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அடுத்த கணம், இதற்கா உட்கார்ந்திருந்தோம் என்று ஒரு கசப்பு ஏறியது. அது வீடு வரைக்கும் வந்தது; அதற்கப்புறமும் போகவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வண்டியக்கா லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

"என்னக்கா, வெளிநாடு அவ்ளோ சின்னதா? அதுக்குள்ள சுத்திப் பாத்து முடிச்சிட்டியா?" என்றான் எக்ஸ்ரேக்காரன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் சொல்வதற்கு முன்பே எழுந்துவந்து, "சரி, நான் பாத்துக்கறேன்" என்று நாற்காலியை வாங்கிக்கொண்டான்.

உடம்பு தேறிய பிறகு தம்பி ஊருக்கு வந்தான். மனைவி வழிச் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று அவளுடைய சின்ன வீட்டின் முன்னறையில் ஆட்கள் நிறைந்தார்கள். நாற்காலி போதாமல் கட்டிலிலும் ஜன்னல் திட்டிலும் உட்கார்ந்தார்கள். அவள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி கதை சொல்வது கேட்டது.

"எங்க அக்கா கதை தெரியுமா உங்களுக்கு? அஞ்சு மணி நேரம் டைம் குடுத்திருக்கேன். ரெண்டு காலும் கல்லு மாதிரி இருக்கு. மாடிக்குப் போனா கவுண்டர். மகராசி தூணுக்குப் பக்கத்துல அப்படியே செலை மாதிரி..." அவன் கையை மடியில் கட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி, உட்கார்ந்து காட்டினான். அறையே சிரித்தது. அழகாகத்தான் நடித்தான். இறங்காதே என்று சொன்ன இடம் கதையில் இல்லை. இரண்டு துண்டாக டிக்கெட் வாங்கியது இருந்தது. அது அவன் கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

அவள் டீயைக் கொண்டுவந்து நீட்டியபோது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, எந்திரிச்சுப் போய் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காலி நாற்காலியைப் பற்றி, கேமராவைப் பற்றி, லேப் வாசலில் வேலை போனவளைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது? தொடங்கினால் அதுவும் இந்தக் கதைக்கு ஒரு வாலாகச் சேர்ந்துவிடும்.

"தோணலைங்க" என்றாள்.

"பயந்துட்டா, பாவம்" என்று தம்பி அவள் தோளைத் தட்டினான்.

ஆட்கள் போன பிறகு தம்பி கட்டிலில் காலை நீட்டி, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. தையல் போட்ட தழும்பின் நுனி தெரிந்தது. நல்ல தையல், சீழ் வைக்காமல் ஆறியிருக்கிறது என்று அவள் கண் தானாகப் பார்த்துக்கொண்டது. டம்ளர்களைப் பொறுக்கியவள் நின்றாள்.

"ஏம்ப்பா, அன்னிக்கு உன்னத் தியேட்டருக்கு யாரு தள்ளிட்டுப் போனா?"

"யாரோ ஒருத்தன்."

"கதவு வரைக்கும் பக்கத்துல யாரு வந்தா?"

"ஞாபகமில்லக்கா. ஊசி போட்டிருந்தாங்களோ என்னவோ." அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமே தெரியலக்கா. கண்ணைத் தொறந்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. நீ வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, விடு."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். ஒரு டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது. அதைக் கொட்டிவிட்டுக் கழுவப் போட்டாள்.